பெட்டிக்குள் போன கயிறு

நவம்பர் 12, புதன்.

லிஸ்பனில் அறை கேட்டிருந்த அந்தப் பழைய மாளிகை ஹோட்டலிலிருந்து பதில் வந்துவிட்டது. ஒரே மன்னிப்பு. ஆற்றைப் பார்த்த அறை நான்காம் மாடியாம், லிஃப்ட் கிடையாதாம், முடியாதென்றால் கீழே ஒன்று தருவார்களாம்.

எங்கள் லத்தா பேட்டையில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் தினமும் ஆறு மாடி ஏறுகிறவர்களிடம்! என் மனைவி மைமூன் சிரித்துச் சிரித்து இருமினாள். "நாலுதானேங்க, ரெண்டு மாடி மிச்சம்."

மேல் அறையே வேண்டும் என்று உடனே எழுதிவிட்டேன். லிஸ்பன் நிச்சயம்!

பிறகு அவளுக்கு ஒரு கவலை. "ரொட்டிக்காரர் வந்தா பை எறக்க அங்க கயிறு இருக்குமா?"

ஹோட்டலில் எதற்கு என்றேன். அவள் பால்கனிப் பக்கம் போய்விட்டாள்.

இப்போது எங்கள் பால்கனிக் கயிற்றைக் காணோம். அவளுடைய பயணப் பெட்டிக்குள், ரொட்டிக்காரர் கீழிருந்து இழுத்து அடிக்கும் மணியோடு சுருண்டு கிடக்கிறது. பயணத்துக்கு இன்னும் நான்கு மாதம். நாளைக் காலை ரொட்டிக்கு நான்தான் ஆறு மாடி இறங்க வேண்டும்.