ஃப்ளைவீல் போல்ட்

ஜூலை, திங்கள்

விடாத மழை. வண்டியை காஜா பாயின் கராஜில் விட்டாயிற்று. நேற்று காத்ரஜ் ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் அலறியது, வண்டி நகரவில்லை. கருகல் நாற்றம். பின்னால் லாரி. பக்கத்து சீட்டில் முரளி டாஷ்போர்டை இறுகப் பிடித்தபடி. போன வருஷம் வேகத்துக்காக டர்போ அழுத்தத்தைக் கூட்டியது நான்தான். பழைய கிளட்ச் அதைத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முரளி, "ஆபீஸ் போற வண்டிக்கு எதுக்கு இதெல்லாம்? வித்துடு. இனிமே நான் அதுல ஏற மாட்டேன்."

கல்யாணமாகி இவ்வளவு நாளில் அவரிடம் இந்தக் குரலைக் கேட்டதில்லை.

புதன்

பாய் கியர்பாக்ஸை இறக்கிக் காட்டினார். எஞ்சினோடு சுற்றி கிளட்ச்சைத் தாங்கும் ஃப்ளைவீல் சக்கரத்தின் முகம் முழுக்க நீலமாகச் சூட்டுத் தழும்பு, நடுவே மயிரிழை வெடிப்புகள். "சுத்துற வேகத்துல இந்தச் சக்கரம் ஒடைஞ்சா, உங்க காலு கிட்டத்தான்மா." மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அழுத்தமான கிளட்ச், எடை குறைந்த ஃப்ளைவீல், புது போல்ட். எல்லாம் நானே வாங்கிக் கொடுத்தேன். ஒரு தடவை முறுக்கினாலே இழுபட்டுவிடும், பழைய போல்ட்டை மறுபடி போடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னதில் பாய்க்குக் கோபம். "நான் வண்டியே பிரிச்சு மாட்டுனதில்லயாம்மா?"

வெள்ளி

வண்டி தயார். "புது போல்ட்தானே, பாய்?"

"ஆமா, ஆமா." முகம் பார்க்கவில்லை.

சாவியை வாங்கியும் கிளம்ப முடியவில்லை. மறுபடி கேட்டேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க வாங்கிட்டு வந்தது நீளம் கூடும்மா. அடியில முட்டுது. பழசத்தான் போட்டேன். சொன்னா இன்னொரு பேச்சு வரும்னு..."

தவறாக வாங்கியது நான். மறைத்தது அவர். யாரும் கத்தவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். "கியர்பாக்ஸ மறுபடி எறக்கிடுங்க, பாய்."

முரளியிடம் 'வேலை முடியலை' என்று மட்டும்.

ஞாயிறு

சரியான நீளம் கிடைத்தது. ஒவ்வொரு போல்ட்டையும் பாய் முறுக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். சாயங்காலம் கராஜ் வாசலில் ஆட்டோ. முரளி! நான் கூப்பிடவே இல்லை.

"ஏறலாமா?" பாயிடம்தான் கேட்டார்.

"வீட்டம்மாகிட்ட கேளுங்க சார்."

"ஏறுங்க," என்றேன்.

கிளட்ச் மிதி கல் மாதிரி. ஹடப்சர் சிக்னலில் வண்டி அணைந்தது. மறுபடியும். பின்னாலிருந்து கிளம்பச் சொல்லி ஆட்டோக்காரர், "சலா மேடம், சலா!" முரளியின் பக்கம் நான் திரும்பவே இல்லை. ரேடியோவை அணைத்துவிட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடியே ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் புதிதாக ஒரு சத்தம். கரகரவென்று, விட்டு விட்டு. வேகத்தைக் குறைத்துக் காதைத் தீட்டினேன்.

முரளியின் குறட்டை.

குலுங்கி எழுந்துவிடப் போகிறார் என்று, மகர்பட்டா வரை மூன்றாவது கியரை மாற்றவே இல்லை.