உப்பில்லாத நோன்புக் கஞ்சி

மதினிக்கு ஸலாம்.

ராஜபாளையத்துல இருந்து வண்டியில குடுத்தனுப்பின நோன்புக் கஞ்சி வந்துச்சு. உப்பே இல்ல. நோன்போட காய்ச்சுறவங்க ருசி பாக்க முடியாதுதான். ஆனா என் சின்ன வயசுல, ஆவியை மோந்தே உப்பு காணாதுன்னு சொல்லுவீங்களே!

அண்ணன் கடையில வேலைக்கு இருந்த, என்னைக் கட்டின மாப்பிள்ளை இங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல தனிக்கடை போட்டதும், எங்களை ‘நமக்கராம்’னு ஏசினீங்க. பள்ளிவாசல் ஆலிம்சாகிட்ட கேட்டேன். பார்சி பாஷையில ‘நமக்’னா உப்பாம். ‘ஹராம்’னா ஆகாததுன்னு நமக்கே தெரியுமே. உப்பைத் தின்னுட்டு நன்றி மறந்தவங்களாம்.

அதுக்குத்தான் உப்பு போடலையா, மதினி?

தூக்குச்சட்டியை வெறுமனே திருப்பக் கூடாதுன்னு சொல்லித் தந்தது நீங்கதான். கல் உப்பு நிறைச்சு அனுப்பியிருக்கேன். நாளைக் கஞ்சியில போட்டுக் குடிங்க. பொறவு என் உப்பைத் தின்னவங்க நீங்களும்தான்.

இப்படிக்கு,
நீங்க சோறூட்டி வளத்த நாத்தனார்