மூடியிருந்த வால்வு

10 ஜனவரி 1982, ஞாயிறு

கார் ஹீட்டருக்கு வெந்நீர் போகிற வால்வு மூடியிருக்கிறது என்று இன்று நான் சொல்லவில்லை. மே மாதம் வெயிலுக்காக மெக்கானிக் அதை மூடியபோது பக்கத்தில் நின்றவள் நான்தான். குளிர் வந்ததும் திறக்கச் சொல்லியிருந்தான். இவர் அப்போது ஆபீசில் இருந்தார்.

பொங்கல் சாமான் வாங்க கரோல் பாக் கிளம்பினோம். இவருடைய ஆபீஸ் மாலினியும் வந்தாள். ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று. "முன்னாடி உட்கார்ந்தாதான் கோளாறு தெரியும், ரகு" என்றாள். நான் பின்சீட்டுக்குப் போனேன். கல்யாணமாகி இரண்டு வருடமாகிறது. இவர் பெயரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

தெர்மோஸ்டாட் போய் இன்ஜின் சூடாகாமல் இருக்கும் என்றார் இவர்.

"நஹீ ரகு, டெம்பரேச்சர் முள் சரியாத்தானே ஏறுது?"

கதைகளில் பொறாமைக்காரிகள் சத்தம் போடுவார்கள். நான் அவள் தோற்கட்டும் என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தேன்.

கடைத்தெருவில் பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தாள். "அச்சா! ஒண்ணு கொதிக்குது, ஒண்ணு ஐஸ். வால்வை யாரோ மூடி வச்சிருக்காங்க." திருகினாள். சூடு வந்துவிட்டது.

"பார்த்தியா, என்ன மூளை!" என்றார் இவர், என்னிடம்.

"ம்" என்றேன். எனக்கு முன்பே தெரியும் என்று இனிமேல் சொன்னால் யார் நம்புவார்கள்?

திரும்பும்போதும் அவள் முன்னால்தான் உட்கார்ந்தாள். எங்கள் காரில் ஹீட்டர் சூடு பின்சீட்டு வரைக்கும் வருவதில்லை.