நீ குடிக்க மறுத்த தண்ணீர்

நேற்று புக்கிட் ரம்பாய் பக்கம் பஸ்ஸில் போனபோது புளித்த ரப்பர்பால் நாற்றம் மூக்கில் ஏறியது. உடனே உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. நீ செத்து இரண்டு வருடமாகிறது. உன்னை எனக்கு நினைவூட்ட அந்த நாற்றத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை.

நாம் இருவரும் ஒரே நாளில் சுகாதார அலுவலகத்தில் சேர்ந்தவர்கள். ஆற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து, ஊதா மருந்து விட்டுப் பார்ப்பது நம் வேலை. நிறம் நின்றால் நல்ல தண்ணீர், வெளுத்தால் அழுக்கு. அந்த வேலையில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். அதனால்தான் தெரியாமல் செய்துவிட்டாய் என்று உன்னை மன்னிக்க வழியில்லை.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குச் சில வாரங்கள் இருந்தன. மலாக்கா முழுக்கத் தோரணம். ஆற்றின் மேற்பகுதியில் காட்டை வெட்டி ரப்பர் நட்டிருந்தார்கள்; மழை பெய்தால் செம்மண் கரைந்து வரும். அதற்குக் கீழே ரப்பர் ஆலையின் கழிவுக் கால்வாய் ஆற்றில் விழுந்தது. ஆலையைப் பெரிதாக்க அனுமதி தரலாமா என்று மேலிடம் நம்மிடம் அறிக்கை கேட்டது. மழையில்லாத ஒரு காலையில், நீ கால்வாய்க்கு மேலே தெளிந்த இடத்தில் போத்தலை நிரப்பி, ‘கால்வாய்க்குக் கீழே’ என்று சீட்டு ஒட்டினாய்.

“என்னடா பண்ற?” என்றேன்.

“சும்மா இருலா. நம்மாளுங்க இப்பதான் பெரிய வேலைக்கு வரப்போறோம். இந்த நேரத்துல தகராறு வேணுமா?”

நாட்டுக்கு வரவிருந்த சுதந்திரம் உன் கண்ணுக்கு ஒரு நாற்காலியாகத்தான் தெரிந்தது.

திரும்பும்போது, கால்வாய்க்குக் கீழே ஆற்றோரமாக இருந்த காஜா பேராங்கில், துணி வெளுத்துப் பிழைத்த அஞ்சலை நம்மை நிறுத்தினாள். அவள் வீட்டில் குழாய் கிடையாது. ஆற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள்.

“இந்தத் தண்ணி குடிக்கலாமா ஐயா? புள்ளைங்களுக்கு வயித்தால போகுது.”

“நல்லாத்தாம்மா இருக்கு. குடிங்க,” என்றாய்.

அவள் முகம் மலர்ந்து, ஒரு குவளை மொண்டு உன்னிடம் நீட்டினாள்.

“வேணாம்மா, இப்பதான் கோப்பி குடிச்சேன்.”

விடிந்ததிலிருந்து நாம் எதுவுமே குடித்திருக்கவில்லை. அவள் குவளையைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

எட்டாம் நாள் அவளுடைய சின்ன மகள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அன்று பிற்பகலே தனியாகப் போய்க் கால்வாய்க்குக் கீழே தண்ணீர் பிடித்தேன். ஊதா நிறம் கண்ணெதிரே வெளுத்தது. அதை அறிக்கையாக எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தேன். ஆலைக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆற்றோரத்துக்குத் தெருக்குழாய் வந்தது. நீ, “போத்தல் மாறிப்போச்சு” என்று தப்பித்தாய். அந்தக் குழாயைத் திறந்து வைத்ததும், அதற்குள் பெரிய வேலைக்கு வந்துவிட்ட நீதான்! கழுத்தில் டை கட்டிக்கொண்டு, மக்கள் நலனைப் பற்றி வெட்கமில்லாமல் பேசினாய். அஞ்சலை வரவில்லை.

உன் சாவு வீட்டில் உன்னை நேர்மையான மனிதர் என்றார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

உன்னைத் துச்சமாக நினைப்பது எனக்குப் பழகிப்போன சுகம். ஆனால், “கொதிக்க வச்சுக் குடிங்கம்மா” என்ற ஒரு வார்த்தையை நானும் அன்று சொல்லவில்லை. எட்டு நாளும் அவள் வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தேன். அந்த எட்டு நாளையும் உன் தலையில் கட்ட எவ்வளவோ முயன்றுவிட்டேன். முடியவில்லை.