முதல் ரகத்தின் விலை

ஜனவரி 24

இந்த நோட்டு, சந்தை விலை குறித்துக்கொள்ள அலுவலகத்தில் கொடுத்தது. இதன் பின்பக்கத்தில் சொந்த விஷயம் எழுதுவது தப்பு. அதுவும் எழுதும் அளவுக்கு என்னிடம் என்ன இருக்கிறது? மன்னித்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

இன்று விடுப்பு எடுத்து எங்கள் ஊர் காடாம்புலியூருக்குப் போனேன். பலாவில் பிஞ்சு வந்திருக்கிறது. ஒவ்வொரு தையிலும் வியாபாரி மணவாளன் வந்து, எங்கள் பதினான்கு மரங்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு விலை சொல்வார். அப்பா சரி என்பார். அதற்குப் பிறகு காய் உதிர்ந்தாலும் வெடித்தாலும் வியாபாரி பாடு. வெட்டுவதும் அவருடைய ஆட்கள்தான்.

இந்த வருடம் நான் வேண்டாம் என்றேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு காய்கனி கொள்முதல் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை. தினமும் காலையில் ஆறு ஊர் மண்டிகளுக்குப் போன் செய்து, கத்தரி, வெண்டை, வாழை, பலா என்று விலை கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அந்த மூன்று வருடப் பட்டியலை அப்பாவிடம் விரித்துக் காட்டினேன். நாமே வெட்டி விற்றால் இரண்டு மடங்கு. இன்னும் ஓட்டுக்குப் பதில் தகரம் கிடக்கும் பின்கட்டை இந்த வருடமே கட்டிவிடலாம்.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மணவாளனிடம், “எம்பொண்ணு வேணாங்குது மாமா” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை.

மணவாளன் சிரித்தார். “படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். மரம் ஏறவும் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா பாப்பா?”

 எனக்குப் பதில் எப்போதும் பஸ் ஏறிய பிறகுதான் வரும்.

பிப்ரவரி 26

பண்ருட்டி மண்டிக்குப் பலா முதல் வரத்து. கிலோ முப்பத்தைந்து. அப்பாவுக்குப் போன் செய்தேன். “நம்பளது இன்னும் பிஞ்சும்மா” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஏப்ரல் 11

நான்கு நாளாக மழை. இந்த மாதத்தில் இப்படிப் பெய்யக் கூடாது. பிஞ்சு நிறையக் கொட்டியதாக அம்மா சொன்னாள். அப்பா சொல்லவில்லை.

மே 19

எல்லா ஊரிலும் பலா ஒன்றாகப் பழுத்துவிட்டது. மாம்பழமும் கூடவே வந்துவிட்டது. மண்டிக்குப் போன் செய்தேன் – கேட்க வேண்டியதை இன்னமும் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். “பதினொண்ணு போட்டுக்கம்மா. அதுவும் ஃபஸ்ட்டுக்கு” என்றார் மண்டிக்காரர். ஃபஸ்ட்டு என்றால் முதல் ரகம்.

மத்தியானம் அப்பா போனில் கேட்டார், வெட்டிவிடலாமா என்று. பட்டியலைப் பார்த்தேன். மூன்று வருடமும் ஆனித் திருமஞ்சனத் தேர் வாரத்தில் சிதம்பரத்தில் விலை ஏறியிருக்கிறது. அதுவரை பொறுக்கச் சொன்னேன்.

“நீ சொன்னா சரி.”

ஏன் ஒரு கேள்வியாவது கேட்க மாட்டேன் என்கிறார்?

ஜூன் 3

பழுத்து விழுந்தவை இருபதுக்கு மேல். மரத்தடி முழுக்க ஈ.

ஜூன் 10

இதை எழுதத்தான் வேண்டும்.

பக்கத்து நாற்காலி சிந்துஜாவிடம் கேட்டேன். “செகண்டு, தேர்டுக்கு என்ன விலைன்னு நாம ஏன் கேக்கறதே இல்ல?”

“நம்ப கம்பெனி வாங்கறது ஃபஸ்ட்டு மட்டும்தாண்டி. மீதி எங்க போனா நமக்கின்னா?”

அவள் டீ குடிக்கப் போய்விட்டாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக முதல் ரகத்தின் விலையை மட்டும் ஏற்றியிருக்கிறேன். நூறு பழத்தில் முதல் ரகம் முப்பது தேறினால் அதிகம். அடிபட்டது, கோணியது, தண்ணீர் கோத்தது – எதற்கும் பட்டியலில் இடமே இல்லை. அந்தப் பட்டியலைத்தான் அப்பாவிடம் காட்டினேன். சிதம்பரத்தில் தேர் வாரம் ஏறியதும் முதல் ரகத்தின் விலைதான்.

இன்றே சொல்லியிருக்கலாம். விலை குறைவானாலும் பண்ருட்டியிலேயே போட்டுவிடலாம் என்று. அப்பாவுக்குப் போன் செய்தேன். “சாப்ட்டியாம்மா?” என்றார். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 27

வெட்டு. மரம் ஏறும் ஆட்கள் எல்லாரும் வியாபாரிகளிடம் இருக்கிறார்கள். இந்த மாதத்தில் தனி ஆள் யாருக்கும் வர மாட்டார்கள். அப்பாவும் அம்மாவின் தம்பி ராஜவேல் மாமாவும்தான் ஏறினார்கள். அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கீழே நின்று அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணவாளனின் ஆட்கள் தட்டிப் பார்த்து, விளைந்ததை மட்டும் கயிறு கட்டி இறக்குவார்கள். மீதிக்கு நாலு நாள் கழித்து வருவார்கள். எங்களுக்கு வேன் வாடகை ஒரு தடவைக்குத்தான் கட்டும்; எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்ட வேண்டும்.

“மச்சான், இது கல்லாட்டம் சத்தம் வருது. இன்னும் வெளையல.”

“வெட்டுய்யா. தேர் நமக்காக நிக்குமா?”

கயிற்றில் இறங்கியது பாதி. விழுந்தது பாதி. விழுந்ததற்கு வெளியே காயமே தெரியாது.

ஜூலை 1

சிதம்பரம். கீழவீதி முனையில் இடம் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் வேனை நிறுத்தினோம். எவ்வளவு கூட்டம்! எல்லாரும் பழத்தைப் பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. இடுப்பில் குழந்தையோடு தேர் பார்க்க வந்தவர்கள் பன்னிரண்டு கிலோ பழத்தை எதில் வைத்துக்கொள்வார்கள்? அவர்களுக்கு வேண்டியது பத்துச் சுளை.

அப்பா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். முதல் பழம் வெளுத்துக் கிடந்தது. இரண்டாவது உள்ளே கறுத்திருந்தது. மூன்றாவது நன்றாக இருந்தது. அதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது. வாங்கிப்போன அம்மா ஒருவர் திரும்பி வந்தார்.

“இன்னா பெரியவரே, வெள்ளரிக்காவ வித்துக்கினு இருக்கீங்களா? சாமி நாள்ல ஏமாத்தறீங்களே.”

அப்பா காசைத் திருப்பிக் கொடுத்தார். கைப் பிசினில் ரூபாய் நோட்டு ஒட்டிக்கொண்டது. பிறகு கூவ ஆரம்பித்தார். “பண்ருட்டிப் பலா… பண்ருட்டிப் பலா…” அவர் கூவி நான் கேட்டதே இல்லை. நானும் கூவியிருக்க வேண்டும். குனிந்து சுளைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். 

ஜூலை 2

மீதியை வழியில் மாடுகளுக்குப் போட்டோம். விற்ற காசு வேன் வாடகைக்கே சரியாகப் போனது.

ஜூலை 14

அப்பா மணவாளன் வீட்டுக்குப் போய் வந்தாராம். பதினான்கு மரமும் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் குத்தகை. வருடத்துக்கு விலை, போன தையில் அவர் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். காடு மேடெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம் மணவாளன், பட்டணத்துப் படிப்பு பலாவில் வேகவில்லை என்று. அம்மா சொன்னாள். அப்பா குத்தகை பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று நினைத்திருக்கலாம். இல்லை – எனக்கு வலிக்கும் என்று நினைத்திருப்பார். அதுதான் தாங்கவில்லை.

இன்று காலையும் போன் செய்து பலா விலை கேட்டேன். கிலோ ஏழு. ஏற்றினேன்.

ஜூலை 20

ஊருக்குப் போனேன். ராஜவேல் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஏதோ ஆரம்பித்தார். “நம்ப வெண்மதி மட்டும் அன்னிக்கி…”

அப்பா முடிக்க விடவில்லை. “அது சொன்னது சரிதான்யா. மழைதான் கெடுத்துச்சி. அது இன்னா பண்ணும்?” என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

இதையேதான் டீக்கடையிலும் சொல்கிறாராம். மணவாளனிடமும் சொன்னாராம். ஊரே சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறாராம்.

சாப்பிட்டு எழுந்தேன். பஸ் பிடித்தேன். திருப்பாதிரிப்புலியூர் வந்து சேரும்வரை அப்பாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கிலேயே இருந்தது. தாளில் எழுதி வைத்துக்கொண்டால்தான் எனக்குக் கேட்க வரும். எழுதிவிடுகிறேன்.

அப்பா, மழையில்ல. பட்டியல் தப்புன்னு ஜூன் பத்தாந்தேதியே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். யார்கிட்டயும் எனக்காகப் பேசாதப்பா. ஒரே ஒரு தடவ என்னத் திட்டிடுப்பா.