வளைஞ்ச பைப்பு

ஐரோலியில இருக்க என் மவளுக்கு,

நீ கூப்புட்டும் அங்க வரலன்னு கோவப்படாதட்டி.

ஒங்கப்பா பழைய சாமான் விக்கிற சோர் பஜார்ல தேடித்தேடி வாங்குன புகையிலப் பைப்புல ஒண்ணக்கூடப் பத்த வச்சதில்ல. கையால செதுக்குன அந்த வளைவத் தடவித் தடவிப் பாப்பாரு, அவ்வளவுதான். பதினாறாம் நாள் படையல்ல, அப்பாவுக்குப் புடிச்சதுன்னு ஒங்கண்ணன் வளைஞ்ச பைப்புல புகையில அடைச்சுப் பத்த வச்சுட்டான்.

அன்னையிலருந்து தெனமும் காலையில அது சூடாக் கெடக்கு. புகையில டப்பாவும் காலி. பாவம், இப்பத்தான பழகியிருக்காருன்னு நானே புதுசு வாங்கி வச்சேன்.

‘இது ஒன் கைக்குன்னே செஞ்சது’ன்னு எங்கிட்டச் சொல்லுவாரே, இன்னைக்கு அந்தச் சின்னப் பைப்பும் சூடா இருந்துச்சு. ரெண்டு தடவ பல்லு வெளக்கியும் என் வாயில புகையில வாசம் போகல.

நாங்க ரெண்டு பேரும் இங்க நல்லா இருக்கோம்.

இப்படிக்கு,
அம்மா