காப்போடு பிடித்த விரால்

திருமயத்தில் பஞ்சர் கடை வைத்து, நாள் முழுக்க ரப்பர் வாசத்திலேயே கிடக்கிறவன் நான். அப்படியும் இன்று காலை உன் மனைவி கொடுத்தனுப்பிய மூட்டையைப் பிரித்ததும் ஒரு நிமிடம் அசந்துபோனேன். உன் ரப்பர் படகு. மடிப்புக்குள் நம் கண்மாய்ச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. காற்றடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு ஓட்டைதான், ஒட்டிவிட்டேன். கூலி கேட்கத்தான் ஆள் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது நீ இதைப் பாய் போலச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினாய். துடுப்பு, கூடாரம், தூண்டில், மீனை ஏமாற்ற ஒரு ரப்பர் தவளை வேறு. "படகும் ரப்பரு, தவளையும் ரப்பரு, மீனாச்சும் நெசமா மாப்ள?" என்று ஊரே கேலி செய்தது. நீ சிரித்துக்கொண்டே நின்றாய். வெல்டிங் வேலையில் வெந்துகொண்டிருந்த வருடமெல்லாம் உனக்கு அந்த ஒரே நினைப்புதான். கண்மாய் நடுவிலிருக்கும் கருவேலந்திட்டுக்குப் படகில் போக வேண்டும், ஓர் இரவு தங்க வேண்டும், தூண்டிலில் ஒரு பெரிய விரால் பிடிக்க வேண்டும். போனில் பேசும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி என் உயிரை எடுப்பாய்.

வந்த மறுநாளே மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. நம் இருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு ஏறிவிட்டது. காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. முடிந்த மறுநாள் உனக்கு ஃபிளைட். ஊர்த் தலைவர், அம்பலம், என் பெரியப்பாதான். அவரிடம் போய் நின்றோம்.

"காப்பக் கட்டிக்கிட்டு எல்லை தாண்டிப் படுக்கலாமாடா? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் பெரியப்பா. திட்டு நம்ம எல்லைக்கு உள்ளயா, வெளியயா? அத மட்டும் சொல்லிருங்க, போயிர்றேன்" என்றாய் நீ.

பெரியப்பா திருதிருவென்று விழித்தார். அந்தத் திட்டு தங்களுடையது என்று அடுத்த ஊர்க்காரர்கள் வெகுகாலமாக வம்பு பண்ணிக்கொண்டிருந்தார்கள். வெளியே என்று சொன்னால் அவரே தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"உள்ளதான்டா இருக்கு. போய்த் தொலைங்க. ஏதாச்சும் ஏடாகூடமாச்சுன்னா பழி ஏந் தலையில விடியும், பாத்துக்க" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் திட்டில் கூடாரத்தைப் போட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போனோம். கோரை ஓரமாக நீ ரப்பர் தவளையைத் தத்தவிட்டாய். விழுந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது. அந்த விரால் படகையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. நீ பதறாமல் விட்டு விட்டு இழுத்து மடிமேல் ஏற்றினாய். தலை படகின் ஒரு விளிம்பில், வால் மறு விளிம்பில். அப்படி ஒரு விராலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"கொழம்புக்கு ஆச்சு மாப்ள!" என்று கத்தினேன். நீ உன் மணிக்கட்டைப் பார்த்தாய். மஞ்சள் கயிறு நனைந்து மீன்மேல் கிடந்தது.

"டேய், காப்புக் கட்டிட்டுக் கவிச்சி தொடலாமா?" என்றாய்.

எல்லைக்காக அத்தனை வாதாடிய நாம் விரதத்தைச் சுத்தமாக மறந்திருந்தோம். மீன்குழம்புப் பொடிகூடக் கட்டி எடுத்து வந்திருந்தேன்! படம் எடுக்கலாமென்றால் போன்கள் கூடாரத்தில் கிடந்தன. "கரைக்குக் கொண்டுபோய் ஊருக்குக் காட்டிட்டாவது விடுவோம்டா" என்று கெஞ்சினேன்.

"அதுக்குள்ள செத்துரும்டா" என்றாய். தண்ணீருக்குள் இரு கையாலும் பிடித்து, செவுள் நன்றாக அசையும்வரை பொறுத்திருந்து, பிறகு மீனைப் போகவிட்டாய். வளர்த்து வந்த ஆசை முழுவதும் உன் கையைவிட்டுப் போனது. நீ முகம் சுளிக்கவில்லை. உன்னை நினைத்து எனக்கு அப்போதே நெஞ்சு நிமிர்ந்தது. அன்றைக்கு நாம் சாப்பிட்டது மீன் போடாத மீன்குழம்பு. அதிலும் உப்பு அதிகம் என்று குறை சொன்னாய்.

காலையில் கரையேறியதும், "என்ன மாப்ள, வெறுங்கையா?" என்று சிரித்தார்கள். "ஒண்ணும் சிக்கலப்பா" என்றாய். நான் வாயைத் திறக்கும் முன் துடுப்பால் ஓர் இடி. "காப்போட மீன் புடிச்சானுகன்னு தெரிஞ்சா பெரியப்பாவத்தான் பேசுவாங்க. சொல்லாத" என்றாய். அத்தனை வருடம் ஆசைப்பட்ட மீன் சிக்கிய கதையை விழுங்கிவிட்டு, அந்தக் கேலியை வருகிற லீவிலெல்லாம் சிரித்தபடி வாங்கிக்கொண்டாய்.

போன வாரம் உன் காரியத்தன்று பந்தலில் யாரோ அதே பேச்சை எடுத்தார்கள். "பாவம், ஒரு மீனுகூட மாட்டல அவனுக்கு." என்னால் பொறுக்க முடியவில்லை. உன் பேச்சை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். எதற்காக நீ வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். நாற்காலியில் இருந்த பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எம்புட்டு நீளம்டா இருந்துச்சு?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். விரற்கடைகூடக் கூட்டவில்லை. பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை, மாப்ள.